ஒரே ஒரு நிபந்தனை

இலவசமாகக் கொடுக்கும் பொருளுக்கும் ஓர் உரிமம் வேண்டும், இன்ஸ்பெக்டர். பலருக்கு இது தெரியாது.

மாவு பிசையும் இயந்திரங்களை இயக்க நான் ஒரு நிரல் எழுதினேன். பிரிக்பீல்ட்ஸ் வீட்டில் உட்கார்ந்தபடியே அதை இணையத்தில் எல்லோருக்கும் திறந்துவிட்டேன். உரிமங்களில் பல வகை உண்டு. சில, நீ செய்த மாற்றத்தையும் ஊருக்குக் கொடு என்று கேட்கும். நான் இருப்பதிலேயே சிறியதைத் தேர்ந்தெடுத்தேன். எடுத்துக்கொள், மாற்றிக்கொள், விற்றுக்கொள். பழுதுக்கு நான் பொறுப்பில்லை. கமலநாதன் என்ற என் பெயரை மட்டும் அழிக்காதே.

பூச்சோங்கில் தொழில் நடத்தும் விமலன் அதைத்தான் முதலில் அழித்தான். தன் பெயரைப் போட்டு, ஷா ஆலமில் மீ நூடுல்ஸ் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கு விற்றான். பட்டம் வாங்கியவன், நகலெடுக்க மட்டும் கற்றிருந்தான். கேட்டபோது சிரித்தான்.

"அதெல்லாம் யாருண்ணே படிக்கிறா? ஃப்ரீதானே லா."

பிறகு அந்த நிரலில் ஒரு பிழையைக் கண்டேன். மின்சாரம் போய்த் திரும்பினால், மூடி திறந்திருந்தாலும் இயந்திரம் தானாகச் சுற்றும். என் பெயரை மதித்தவர்களுக்குத் தனித்தனியே எழுதித் திருத்தத்தையும் அனுப்பினேன். இணையத்தில் போடவில்லை. போட்டால் விமலனும் எடுத்துக்கொள்வான்.

ஒருநாள் அவனே அழைத்தான்.

"அண்ணே, கரண்டு வந்தா மிஷின் தானா ஓடுது. ஒங்களுக்கு ஏதாச்சும் தெரியுமா?"

"ஒன் பேரு போட்ட புரோகிராம்தானே தம்பி. நீயே பாரு."

அவனுக்குப் பார்க்கத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். சுவிட்சை அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டு வந்திருக்கிறான்.

லோகேஸ்வரி கிள்ளானிலிருந்து கம்பெனி வேனில் அந்தத் தொழிற்சாலைக்கு வேலைக்கு வந்தவர். மின்சாரம் நின்றிருந்த நேரத்தில் இயந்திரத்தின் மாவுத் தொட்டியைக் கழுவக் குனிந்திருக்கிறார். மின்சாரம் வந்துவிட்டது. ஆஸ்பத்திரி போய்ச் சேரும் முன்பே உயிர் போய்விட்டது. பிணவறை வாசலில் அவர் கணவர் பக்கிரிசாமி விமலனின் சட்டையைப் பிடித்தாராம். பிடிக்க வேண்டிய சட்டைதான்.

யாராவது தொட்டிக்குள் கையை விடுவார்கள் என்று தெரியுமா என்று கேட்கிறீர்கள். தெரியும். அது விமலனின் கையாக இருக்காது என்பதும் தெரியும். அவனைப் போன்றவர்கள் தொட்டி கழுவுவதில்லை. அதற்கு வேறொருவரை அனுப்புவார்கள்.

அவனை நான் மதிக்காததற்கு அதுவும் ஒரு காரணம்.