சிஞ்சாலோக் ஜாடியின் மேல் இருந்த கல்

இல்லை ஐயா, அது துரு அல்ல. பழைய சொந்தக்காரர் தேநீர்க் குவளை வைத்த வட்டம். துருவாக இருந்தால் எப்போதோ எடுத்திருப்பேன். இது இரும்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. சர்க்கரை போட்ட பால் தேநீரை வருஷக்கணக்கில் ஒரே இடத்தில் வைத்தால் வேறென்ன ஆகும்? உட்காருங்கள் இன்ஸ்பெக்டர் ஐயா, அந்த முக்காலி சுத்தமானதுதான். நீங்கள் இத்தனை தூரம் காஜா பெராங்குக்கு வந்து கேட்பதால் எல்லாவற்றையும் சொல்கிறேன்.

இதற்குச் சர்ஃபேஸ் கிரைண்டர் என்று பெயர். இரும்பை இந்த மேசையில் வைத்தால், மேலே சுழலும் சாணைக்கல் அதன் முகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவிக் கண்ணாடிபோல் ஆக்கிவிடும். பகலெல்லாம் வாப்பாவின் ஜவுளிக்கடையில் துணி கிழிக்கிறேன். மிச்ச நேரமெல்லாம் இந்தக் கொட்டகையில்தான். கடைசல் இயந்திரம் ஏற்கெனவே இருக்கிறது. இது ஒன்று மட்டும் வந்துவிட்டால் நானே ஒரு எஞ்சின் செய்துவிடலாம் என்று அப்போது கனவு கண்டுகொண்டிருந்தேன்.

பண்டார் ஹிலிரில் ஷரீஃபுதீன் நானா பட்டறையை மூடுகிறார் என்று கேள்விப்பட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினேன். முடிசூட்டு விழாத் தோரணங்கள் இன்னும் தெருவில் தொங்கிக்கொண்டிருந்தன.

இதே இயந்திரம் அங்கே மூலையில் நின்றது, கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். மேசை முழுக்கச் சுத்தியல் வடுக்கள், ஆணி நிமிர்த்தியிருக்கிறார். வடுக்களுக்குள் மீன் செதில். மீனும் இதிலேதான் அரிந்திருக்கிறார்கள். தண்ணீர் ஓடும் தட்டில் வெற்றிலை எச்சில் சிவப்பாக உறைந்து கிடந்தது. கல் உடைந்தால் சில்லுகளைத் தடுப்பதற்காக ஒரு இரும்புக் கூடு இருக்கும். அதைக் கழற்றி முற்றத்தில் கோழிகளுக்குத் தண்ணீர் வைத்திருந்தார். எச்சமும் இறகும் அதில் மிதந்தன. நான் மூக்கைப் பொத்திக்கொண்டேன்.

“வித்தாச்சு தம்பி” என்றார் நானா. “உஜோங் பாசிர் இரும்புக்கடைச் சீன மொதலாளி, அந்தத் தவுக்கே, நாளைக்கு வர்றாரு. சம்மட்டியால ஒடைச்சுப் படகுல ஏத்திருவாரு. பழைய இரும்புக்கு ஜப்பான் கப்பல்காரன் நாயா அலையுறான்.”

“அவரு குடுக்குறத நான் குடுக்குறேன் நானா. ஒடைக்க மட்டும் வேணாம்.”

“வாக்குக் குடுத்தாச்சுடா. என்ன, பொண்ணு கேட்டு வந்தவன் மாதிரி நிக்கிறே? நிக்காஹ் பண்ணிக்கப் போறியா இத?”

சிரித்துவிட்டுத் தட்டில் துப்பினார். ஒரு துளி என் சட்டையில் தெறித்தது. அப்போதும் நான் கோபப்படவில்லை ஐயா. அருவருப்பு, அவ்வளவுதான். தொடக்கூடத் தகுதியில்லாத ஒரு ஆளுக்கு இதை உடைக்கும் உரிமை இருக்கிறதே என்று மட்டும் நினைத்தேன். பிறகு இன்னொன்றும் தோன்றியது. வாக்குக் கொடுத்தவர் இல்லையென்றால் அந்த வாக்கும் இருக்காது.

“ஒடைக்கிறதுக்கு முந்தி ஒரே ஒரு வாட்டி ஓட்டிக் காட்டுங்க நானா” என்றேன்.

அவருக்கு மனம் இளகிவிட்டது. மாட்டியிருந்த கல் தேய்ந்துபோயிருந்ததால் வேறொன்றைத் தேடினார். சமையற்கட்டில் ரஹீமா லாத்தா, அவருடைய மனைவி, கூனி இறாலைப் புளிக்கவைக்கும் சிஞ்சாலோக் ஜாடி இருந்தது. மூடி எழும்பாமல் இருக்க அதன்மேல் ஒரு சாணைக்கல்லை வைத்திருந்தார்கள். அதைத் தூக்கி வந்து என் கையில் கொடுத்தார். அந்த நாற்றம் இன்னும் என் விரலில் இருக்கிறது.

கல்லை மாட்டுமுன் ஒரு பழக்கம் உண்டு. துளையில் விரலை விட்டுத் தொங்கவைத்து, சுத்தியலின் மரக்கைப்பிடியால் லேசாகத் தட்ட வேண்டும். நல்ல கல் மணிபோல் ஒலிக்கும். விரிசல் விட்ட கல் கட்டையைத் தட்டியதுபோல் செத்த சத்தம் போடும். நான் தட்டினேன். செத்த சத்தம்தான் வந்தது.

ஈரக்கல்லும் சரியாக ஒலிக்காது என்று அன்று உங்கள் விசாரணையில் சொன்னேன். அது உண்மைதான். ஆனால் நான் அதைத் துடைத்துவிட்டு மறுபடி தட்டினேன், அதைத்தான் சொல்லவில்லை. துளையிலிருந்து விளிம்புவரை நகத்தால் தடவியும் பார்த்தேன். ஒரு இடத்தில் நகம் சிக்கியது.

“என்ன தம்பி, கல்லு பேசுதா?” என்று கேட்டார் நானா.

“நல்லாப் பேசுது நானா” என்றேன்.

அவரே மாட்டினார். கூட்டைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் நினைவூட்டவில்லை. “பொறி எப்படி விழுதுன்னு எதிரே குனிஞ்சு பாருங்க” என்று சொல்லிவிட்டு நான் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டேன். உடைந்த கல் பக்கவாட்டில் அதிகம் பறக்காது.

கல் உடைந்தபோது நினைத்ததைவிடச் சின்னச் சத்தம்தான். நானா மேசைமேல் கவிழ்ந்தார். கழுத்திலிருந்து வந்தது மேசை முழுக்கப் பரவியது. ரத்தத்தில் உப்பு இருக்கிறது ஐயா, கடல்நீரைவிட மோசமாக அரிக்கும். லாத்தா அகப்பையோடு ஓடிவந்து, “புடி தம்பி, கழுத்தப் புடி, துணியால அழுத்து” என்று கதறினார். நானாவுக்கு அப்போது உயிர் இருந்தது, மறைக்க மாட்டேன். என்னிடம் இருந்தது ஒரே ஒரு துணி. அவரைத் தரையில் இறக்கிவிட்டு, அதை மண்ணெண்ணெயில் நனைத்து மேசையைத் துடைத்தேன்.

லாத்தா அதைப் பார்த்தார். உங்களிடம் வந்து சொன்னதும் அதைத்தான் என்று நினைக்கிறேன். ஆனால் அடக்கம் முடிந்த கையோடு, “எடுத்துட்டுப் போயிரு, அது என் கண்ணுல படக்கூடாது” என்றும் அவர்தான் சொன்னார். தவுக்கே திரும்பிப் போனார். மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.

நீங்கள் அதைக் கொலை என்று எழுதிக்கொள்ளலாம். எழுதியதில் கையெழுத்தும் போடுகிறேன். ஆனால் இந்த மேசையைத் தடவிப் பாருங்கள். எச்சில் இல்லை, செதில் இல்லை. இதை யாரும் இனி உடைக்கப் போவதில்லை. கிளம்பலாம் ஐயா, சட்டை மாற்றிக்கொண்டு வருகிறேன். ஒரே ஒரு கவலைதான். இந்த ஊர்க் கடல்காற்றுக்குத் தினமும் எண்ணெய் தடவாவிட்டால் எல்லாம் பாழ். கை வியர்க்கிற ஆள் தொடவே கூடாது. வாசலில் நிற்கிறாரே உங்கள் போலீஸ்காரர், நல்ல சுத்தமாகத் தெரிகிறார். அவரையே தினமும் வந்து எண்ணெய் தடவச் சொல்லலாமா, என்ன நினைக்கிறீர்கள்?