வெள்ளையனுக்குப் போட்ட நாய் மருந்து

அழுவாதீக சண்முகையா அண்ணாச்சி. நீங்க அழுதா நான் சண்டை போட முடியாது, இன்னும் பாதிகூடப் போடல. துண்டுல அந்தப் பக்கமாத் தொடைங்க, இந்தப் பக்கம் பூனையச் சுத்துனது.

உள்ள பூனைக்கு நடுக்கம் நின்னுட்டுன்னு இப்பத்தானே கம்பவுண்டர் சொல்லிட்டுப் போனாரு. கூப்பிடுவாரு. அதுவரைக்கும் நான் பேசுதேன். பெரியவருகிட்ட வாயாடாத ஆபிதான்னு உம்மா சொல்லித்தான் அனுப்புனாக. ஆனா நியாயம்னு ஒண்ணு இருக்குல்லா.

காதுக்குள்ள உண்ணி ஆமணக்கு முத்தாட்டம் தொங்குனா யாருக்கும் மனசு கேக்காது. சரி. அதுக்கு உங்க மணிக்கு வாங்குன மருந்தையா போடுவீக? மணி நாய். நாலு காலு உள்ளதுக்கெல்லாம் ஒரே மருந்துன்னா உங்க கட்டிலுக்கும் போடலாம். சிரிக்காதீக.

நாய் தாங்குத சரக்க பூனை ஈரல் முறிக்காது. அந்தப் பாக்கெட்லயே பூனை படம் போட்டு குறுக்க கோடு கிழிச்சிருக்கு. கண்ணாடி போடலையா. சரி, கண்ணாடி போடல.

என்னது, வீட்டுக்குள்ள பூட்டி வளக்கவா? காலைல எங்க வீட்டுல சுல்தான். மத்தியானம் சங்கரேஸ்வரி அக்கா வீட்டுல மீன் தலை. ராத்திரி உங்க கட்டில்ல வெள்ளையன். எந்த வீட்டுல பூட்ட? இதுக்கு நடுவுல பின்னால காலிமனைக்கு வேற எலி பிடிக்கப் போவுது. குருவிகுளத்து ஆட்ட அங்கன கிடை போட்டாகல்லா, ஆடு போயிட்டு, உண்ணி புல்லுல கிடக்கு. அது ரத்தத்தைக் குடிச்சிட்டுச் சும்மா போவாது, சீக்க உள்ள எறக்கிட்டுப் போவும். ஈறு வெளுத்து, சோறு எறங்காம, போன வருசம் இவன் அண்ணன் அப்படித்தான போனான்.

அதனாலதான் ஊருக்கு வரும்போதெல்லாம் பூனைக்குன்னு உள்ள சொட்டு மருந்து வாங்கிட்டு வந்து பிடரில விடுதேன். ஆமா, நாந்தான். உங்களுக்குத் தெரியாது. நீங்க போட்டது எனக்குத் தெரியாது. நாளைக்கு சங்கரேஸ்வரி அக்கா அவுக பங்குக்கு வேப்பெண்ணெய ஊத்துவாக. மூணு வீட்டுச் செல்லம், ஈரல் ஒண்ணுதான்.

இனிமே ஒரே ஆளுதான் பாக்கணும். சாயங்காலம் காது, கக்கம், விரலிடுக்கு எல்லாம் தடவிப் பாக்கணும். உண்ணி இருந்தா கையால நசுக்கக் கூடாது. இடுக்கிய வச்சு தோலோட ஒட்டிப் பிடிச்சு நேரா இழுக்கணும்.

அந்த ஆளு நான் இல்ல. திங்கக்கிழமை ஹாஸ்டலுக்குப் போயிருவேன். நான் லீவுல வாரவரைக்கும் உண்ணி காத்துக்கிட்டா கிடக்கும்?

இனி அதத் தொடவே மாட்டேன்னு சொல்லாதீக. நீங்க தொடாட்டி ராத்திரி அது எங்க போய்ப் படுக்கும்? நீங்கதான் எப்படித் தூங்குவீக?

அப்புறம், நீங்க ஆட்டோவ அனுப்பப் போயிருந்தீகல்லா, அப்ப டாக்டர் கேட்டாரு, எந்த மடையன் போட்டதுன்னு. நாந்தான்னேன். படிச்ச பிள்ளைதானே, பாக்கெட்ட வாசிக்கத் தெரியாதான்னு எல்லாரு முன்னாலயும் ஏசுனாரு. நான் பதில் பேசல. ஆமா, நானு. பேசல.

பூனைய எங்கையில தரமாட்டாராம். வெளிய அழுதுக்கிட்டு ஒரு பெரியவரு நிக்காரே, அவருதான் பொறுப்பான ஆளாத் தெரியுதாரு, அவருகிட்டதான் தருவேன்னுட்டாரு.

கூப்பிடுதாரு பாருங்க. எந்திரிங்க. உள்ள போயி உண்மை கிண்மைன்னு ஒண்ணும் பேச வேண்டாம். டாக்டர் சொல்லுததுக்கு எல்லாம் தலையாட்டுங்க.

கண்ணாடியப் போட்டுக்கிடுங்க.