வண்டி வரும், கவலை வேண்டாம்

உங்கள் போலீஸ் ஸ்டேஷன் டீயில் இஞ்சி தட்டிப் போட்டிருக்கிறார்கள், நன்றாக இருக்கிறது. திங்கட்கிழமையாக இருந்தால் கோயிலுக்குப் போய்வரும்வரை பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டேன். மெதுவாகவே எழுதுங்கள் ஐயா, எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் மாரிக்கண்ணன். அருப்புக்கோட்டையில் சீனிச்சாமி ஐயா நடத்தும் அறக்கட்டளையில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்கிறேன். சிறுநீரகம் கெட்டுப்போனவர்களைக் கிராமங்களிலிருந்து டயாலிசிஸுக்கு அழைத்துவர அவர் இலவசமாக ஒரு வண்டி விட்டிருக்கிறார். ஓட்டுகிறவர் சோலை. யாரை எங்கே ஏற்றுவது என்று அவருக்குச் சொல்பவள் சத்யபிரியா. முன்பு எல்லோரும் அவளுக்குப் போன் போட்டுத்தான் வண்டி கேட்பார்கள். லைன் கிடைக்காமல் அவர்கள் படும் பாட்டைப் பார்த்து, செல்போனிலேயே பதிந்துகொள்ளும்படி ஓர் இணையப் பக்கம் செய்துகொடுத்தேன். அதற்குத் தனியாகச் சம்பளம் வாங்கவில்லை. புண்ணியமாக நினைத்தேன்.

என் லேப்டாப்பில் அது அழகாக ஓடியது. அறக்கட்டளையின் சர்வரில் ஏற்றியதும் பக்கம் திறந்தது, ஆனால் பதிவுப் பொத்தானை அழுத்தினால் நின்றுவிட்டது. காரணம் சின்னது. அதை ஓட்டுவது ஜாவா என்கிற மென்பொருள்; என் லேப்டாப்பில் இருந்தது புதிய பதிப்பு, சர்வரில் இருந்தது பல வருடம் பழையது. பழையதில் கட்டியதைப் புதியது பெரும்பாலும் ஓட்டிவிடும். புதியதில் கட்டியதைப் பழையது ஓட்டாது. சர்வரைப் புதுப்பித்தால் கணக்கு மென்பொருள் நின்றுபோகும், அதில் கைவைக்காதே என்று சீனிச்சாமி ஐயா முன்பே சொல்லியிருந்தார். பழைய பதிப்புக்குத் தக்கபடி நான்தான் திருத்திக் கட்டியிருக்க வேண்டும்.

சத்யபிரியா சிரித்தாள். "ஒங்க லேப்டாப்புல ஓடி என்னண்ணே செய்ய? பரளச்சிக்காரவுகள எல்லாம் ஒங்க வீட்டுக்கா வரச்சொல்ல?" என்றாள்.

மறுநாள் சரியாகிவிட்டது என்று அவளிடம் சொன்னேன். ஆகவில்லை. என்னை உறுத்தியது வேறு. நிற்கும்போதெல்லாம் திரை நிறைய ஆங்கிலத்தில் சிவப்பு எழுத்து வந்தது. நோயாளி இருக்கும் வீட்டில் அதைப் பார்த்தால் எப்படி இருக்கும்? அதை எடுத்துவிட்டு, எந்தப் பிழை வந்தாலும் ஒரு வரி மட்டும் வரும்படி செய்தேன். 'பதிவு கிடைத்தது. வண்டி வரும், கவலை வேண்டாம்.' பக்கத்தில் ஒரு சின்ன விளக்குப் படம் வைத்தேன்.

அதை நான் பொய்யாக விட்டுவிடவில்லை. பொத்தானை அழுத்தியவர்களின் பெயர் சர்வரில் ஓர் ஓரத்தில் விழுந்துகிடக்கும். தினமும் காலையில் அதைப் பார்த்து, சத்யபிரியாவின் திரைக்கு நானே கையால் சேர்த்துவிடுவேன். வண்டி போகும். திருத்த ஒரு பகல் போதும்தான். ஆனால் கையால் சேர்ப்பதில் எனக்கு ஒரு நிறைவு இருந்தது. ஒவ்வொரு பெயருக்கும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொள்வேன்.

பரளச்சிக் கிராமத்துத் தங்கபாண்டியும் அப்படிச் சேர்த்த பெயர்தான். காட்டுவேலை பார்த்தவர், பிறகு டவுனில் லோடு ஏற்றப் போனவர். அவர் மனைவி முனீஸ்வரி ஒருநாள் ஒரு பை பாசிப்பயறு கொண்டுவந்து கொடுத்தாள். அந்த வரியைப் பார்த்தால்தான் அவருக்குத் தூக்கம் வருகிறது என்றாள்.

கார்த்திகையில் ஒரு சோமவாரம், விடிந்ததும் திருச்சுழிக் கோயிலுக்குப் போய்விட்டேன். பெயர்களைப் பார்க்கவில்லை. மறந்தேன் என்றே எழுதுங்கள். அபிஷேக வரிசையில் நின்றபோது முனீஸ்வரி போனில் கூப்பிட்டாள்.

"அண்ணே, வண்டி இன்னும் வரலியே. இவருக்கு ராத்திரியிலருந்தே மூச்சு வாங்குது."

சோலை அந்நேரம் மல்லாங்கிணறு பக்கம் போயிருப்பார். அவர் திரும்பிப் பரளச்சி போய்ச் சேர மதியம் தாண்டிவிடும். அது எனக்குத் தெரியும்.

"பஸ்ஸு நிக்குதுண்ணே. கண்டக்டரு எங்களுக்காகத்தான் நிப்பாட்டி வச்சிருக்காரு. முன்சீட்டுல சாச்சு உக்கார வச்சுக்கங்கிறாரு. ஏத்திரவா?"

சீக்கிரம் சொல்லு தாயி என்று பின்னால் ஓர் ஆண்குரல் பொறுமையாகக் கேட்டது.

ஏற்று என்றால், வண்டி ஏன் வராது என்று கேட்பாள். அந்த வரியை அவள் எப்படி நம்பினாள் என்று எனக்குத் தெரியும். நம்பிக்கொண்டிருக்கிற ஒருத்தியிடம் அது வெறும் எழுத்து என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"பஸ்ஸுல குலுங்கும் தாயி," என்றேன். "கவலை வேண்டாம்னு வந்துச்சுல்ல? வண்டி வரும்."

அவள் பஸ்ஸை அனுப்பிவிட்டாள்.

சோலைக்கு நான் போன் செய்திருக்கலாம். அவர் சத்யபிரியாவைக் கேட்பார், அவள் என்னைக் கேட்பாள். சின்னப் பெண், மனம் கஷ்டப்படும். போனை அணைத்து வைத்தேன். தங்கபாண்டிக்காக ஓர் அர்ச்சனை செய்தேன். அவர் நட்சத்திரம் தெரியாததால் சுவாமி பெயருக்கே செய்யச் சொன்னேன்.

சாயங்காலம் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆஸ்பத்திரி வரை அவர் தாங்கவில்லை.

காரியம் முடிந்து முனீஸ்வரி ஆபீசுக்கு வந்தாள். யாரையும் ஒரு வார்த்தை திட்டவில்லை.

"நாந்தாண்ணே கெடுத்துட்டேன். அவருக்குத் தண்ணி எடுக்க உள்ள போனேன். அந்நேரம் வண்டி வந்து, ஆளக் காணோம்னு திரும்பியிருக்கும். அப்படித்தான?"

என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி கிளம்பவே இல்லை என்பதை அவள் தாங்குவாளா?

"அப்படித்தான் இருக்கும் தாயி. மனசுல வச்சுக்கிறாத," என்று சொல்லித் திருநீறு கொடுத்தேன். வாங்கிப் பூசிக்கொண்டாள்.

அன்றே உட்கார்ந்து எல்லாவற்றையும் பழைய பதிப்புக்குத் திருத்திக் கட்டினேன். விளக்கு வைப்பதற்குள் முடிந்துவிட்டது. இப்போது சர்வரில் நன்றாக ஓடுகிறது. அந்த வரியை மட்டும் மாற்றவில்லை.

அவள் சோலையைப் பார்ப்பாள் என்று நான் நினைக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் அவரைப் பார்த்து, அன்றைக்கு வீணாக அலையவிட்டதற்கு மன்னிப்புக் கேட்டிருக்கிறாள். என்னை யாரும் பரளச்சிக்கு அனுப்பவே இல்லையே என்று அவர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் யோசித்துப் பேசியிருக்கலாம் அவர். அந்தப் பெண் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாளாம்.

ஆமாம் ஐயா. வராது என்று தெரிந்துதான் வரும் என்றேன். தங்கபாண்டி செத்தது என்னால்தான், அந்தப் பழியை அவள் சுமக்கவிட்டதும் நான்தான். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: முனீஸ்வரியின் மனம் நோகும்படி நான் ஒரு வார்த்தை சொன்னதில்லை.