கோட்டுப் பாக்கெட்டில் திருநீறு

கிள்ளானிலிருந்து கேஎல் சென்ட்ரல் போகும் கொமுட்டர் ரயிலில், எனக்கு எதிரே ஒரு தாயும் கல்லூரி வயது மகளும்.

"உங்க திருநீறு என் செல்லு எல்லாத்தையும் கொன்னுடுச்சும்மா!"

பக்கத்து சீட்டு ஆன்டி நிமிர்ந்து பார்த்தார்.

"வாயக் கழுவு. திருநீறு யாரையாச்சும் கொல்லுமா?"

"லேப் கோட்டு பாக்கெட்டுல பொட்டலத்த வச்சது யாரு? அது பிரிஞ்சு, தூள் செல்லு வளர்க்கிற தட்டுல விழுந்து, ஒரே பூஞ்சை. ஒரு செமஸ்டரா வளர்த்தேன். இது என்ன பௌடர்னு லெக்சரர் கேக்குறாரு, நான் என்ன சொல்ல?"

"கோயில் திருநீறுன்னு சொல்லு. நீ பரீட்சை நல்லா எழுதணும்னுதானே வச்சேன்."

"பரீட்சை இல்லம்மா, புரொஜெக்ட்டு லா! மறுபடியும் முதல்லேருந்து வளர்க்கணும். தீபாவளிக்கும் நான் லேப்லதான்."

"தீபாவளிக்குக் கூடவா?"

"அன்னிக்கும் அதுங்களுக்குச் சாப்பாடு போடணும்மா. இல்லன்னா செத்துரும்."

தாய், சென்ட்ரல் நெருங்கியதும் கைப்பையிலிருந்து புதுப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"அம்மா!"

"இது புதுசா வளர்க்கப் போறதுக்கு."

மகள் முறைத்தாள். கோட்டு இருந்த பையின் ஜிப்பை இறுக்க மூடி, முதுகுக்குப் பின்னால் தள்ளினாள். பிறகு நெற்றியைக் காட்டினாள்.