லோஜினியின் பிள்ளையை நான் கொண்டுபோன காரணம்

பெயர் அப்துல் கரீம் மஸீனா. வயது நாற்பத்தெட்டு. கட்டுகஸ்தோட்டையில் பாலத்துக்கு அப்பாலுள்ள குறுக்கு வீதியில் சொந்த வீட்டில் கணவர் நஸீபுடன் வசிக்கிறேன். பாடசாலைச் சீருடை தைப்பது என் தொழில். மூன்று பிள்ளைகள், மூவரும் மணமுடித்துவிட்டார்கள். எனக்குச் சிங்களம் பேச வரும். ஆனாலும் இதில் ஒரு சொல் மாறினாலும் பிசகு என்பதால் தமிழில் பதியும்படி கேட்டேன். அதன்படி தமிழ் தெரிந்த பெண் உத்தியோகத்தர் பதிகிறார்.

செவ்வாய்க்கிழமை மாலை இதே பொலிஸ் நிலையத்தில் நான் ஒரு வாக்குமூலம் கொடுத்தேன். அது முழுமையானதல்ல. மிச்சத்தை இப்போது சொல்கிறேன்.

எங்கள் வீட்டின் மேல்மாடியில் சுரேஸும் அவர் மனைவி லோஜினியும் ஒன்றரை வருடமாக வாடகைக்கு இருக்கிறார்கள். சுரேஸுக்குப் பல்லேகலயில் ஒரு தொழிற்சாலையில் வேலை. லோஜினி கண்டி டவுனில் புடவைக் கடையில் வேலை செய்தவள், பிள்ளை உண்டானதும் நின்றுவிட்டாள். அவளுடைய அம்மா குவைத்தில் வீட்டு வேலை செய்கிறார். அவள் என்னைத் தாத்தா என்று கூப்பிடுவாள், எங்கள் ஆட்கள் மூத்த சகோதரியைக் கூப்பிடுவது போல. பிள்ளையின் பெயர் லிதுஷன், ஐந்து மாதம்.

பிள்ளை பிறந்ததிலிருந்து அழுகை அதிகம். கிளினிக்கில் காட்டியபோது நோய் ஒன்றுமில்லை, நிறையும் சரி என்றார்கள். ஆரம்பத்தில் லோஜினி அதைச் சொல்லிச் சந்தோஷப்பட்டாள். அதன் பின்னர் வேறு விதமாகப் பேசத் தொடங்கினாள். "இவன் வேணும்னே அழறான் தாத்தா. அவங்கப்பா வந்தா சிரிக்கிறான். என்னப் பாத்தா மட்டும் மொகத்தத் திருப்பிக்கிறான். என்னமோ பழி தீக்க வந்த மாதிரி" என்றாள். நான் தையல் மெஷினை நிறுத்தாமலே, "எல்லாப் புள்ளையும் அப்பிடித்தான் லோஜி. பொறுத்துக்கோ" என்றேன். பல தடவை அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.

அதன் பின்னர் அவள் பிள்ளையைக் குளிக்கவார்க்கக் கீழே என்னிடம் கொண்டுவரத் தொடங்கினாள். மேலே தண்ணீர் வருவதில்லையோ என்று நினைத்தேன். கேட்டதற்கு, "தண்ணிப் பக்கத்துல நான் மட்டும் இவனோட நிக்கக் கூடாது" என்றாள். ஏன் என்று நான் கேட்கவில்லை. பிள்ளையைத் துவட்டி அவள் கையில் கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை மழை பெய்துகொண்டிருந்தது. சுரேஸ் வேலைக்குப் போயிருந்தார். லோஜினி பிள்ளையுடனும் ஒரு துணிப்பையுடனும் இறங்கி வந்தாள். பிள்ளை கத்திக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை, முகம் கழுவி, தலை வாரியிருந்தாள். பிள்ளையை என் மடியில், தைத்துக்கொண்டிருந்த துணியின் மேலேயே வைத்தாள். "கொண்டு போங்க தாத்தா. எங்கன்னு சொல்லாதீங்க. அப்புறம் நானே கேட்டாலும் சொல்லாதீங்க" என்றாள். நான் அவளுடைய கைகளைப் பார்த்தேன். இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கட்டியிருந்தாள்.

நான் அவளை மேலே கூட்டிப்போய்ப் படுக்கவைத்துவிட்டு, பிள்ளையோடு பஸ் ஏறி, பிலிமத்தலாவையில் இருக்கும் என் தங்கச்சி அனீஸாவின் வீட்டுக்குப் போனேன். சுரேஸுக்கு அறிவிக்கவில்லை. அறிவித்தால் ஏன் என்று கேட்பார், அதற்கு நான் என்ன சொல்வது என்று தெரியவில்லை.

அங்கே பிள்ளை என்னிடம் ஒரு நிமிடம்கூடச் சும்மா இருக்கவில்லை. பால் சூப்பிப் போத்தலைத் தட்டிவிட்டது. தூக்கினால் வில்லாய் வளைந்தது, படுக்கவைத்தால் மூச்சு நிற்கும்வரை கத்தியது. நான் மூன்று பிள்ளை வளர்த்தவள். எனக்குத் தெரிந்த எல்லாம் செய்தேன். மதியத்துக்குப் பிறகு எனக்கும் பொறுக்க முடியவில்லை. பிள்ளையைக் கட்டிலின் நடுவில் கிடத்தி, கதவைச் சாத்திவிட்டு, பின்வாசலில் மழைக்குள் போய் நின்றேன். அனீஸாதான் போய்த் தூக்கினாள். லோஜினியிடம் நான் சொல்லிவந்த புத்தியெல்லாம் வெறும் வாய்ப்பேச்சு என்று அங்கே நிற்கும்போது விளங்கியது. எல்லாப் பிள்ளையும் அப்படி இல்லை. இந்தப் பிள்ளை கடினமான பிள்ளை. அவள் அதனோடு தனியாக இருந்தாள்.

இதற்கிடையில் லோஜினி பல முறை போன் எடுத்தாள். "எங்க தாத்தா? புள்ள எங்க?" என்று கேட்டாள். காலையில் அவள் கேட்டுக்கொண்டபடியே நான் இடத்தைச் சொல்லவில்லை. "பத்திரமா ஈக்கிறான்" என்று மட்டும் சொன்னேன். அவள் அழுதபோதும் சொல்லவில்லை. அது சரியா பிழையா என்று எனக்கு இன்றும் தெரியாது. அதன் பின்னர் வேலை முடிந்து வந்த சுரேஸ், அவள் மாடிப்படியில் கிடப்பதைக் கண்டு, "தாத்தா கொண்டுபோயிட்டாங்க" என்று மட்டும் அவள் சொன்னதால், நான் பிள்ளையைக் கடத்தியதாக இங்கே முறைப்பாடு செய்திருக்கிறார். பொலிஸ் போன் எடுத்ததும் நான் பிள்ளையோடு நேரே இங்கே வந்தேன்.

இங்கே வாசலில் லோஜினி பிள்ளையை வாங்கும் சாட்டில் என் காதருகே, "சொல்லிறாதீங்க. நன்னடத்தைக்காரங்க புள்ளயக் கொண்டுபோயிருவாங்க" என்றாள். பிள்ளைகளை அரசாங்கப் பொறுப்பில் எடுக்கும் நன்னடத்தைத் திணைக்களத்தைத்தான் சொன்னாள். ஆகையால் பிள்ளையின் மேலுள்ள ஆசையில் கொண்டுபோனேன், அறிவிக்க மறந்துவிட்டேன் என்று சொன்னேன். சுரேஸ் எல்லோர் முன்னிலையிலும் என்னைப் பிள்ளை பிடிக்கிறவள் என்றார். மறுநாள் ஆட்கள் என் கணவரின் கடைக்கு வந்தும் அதைக் கேட்டார்கள்.

நேற்று சுரேஸ் லீவு போட்டு வீட்டில் நின்றார். லோஜினி பிள்ளையைத் தூக்க மறுத்துவிட்டாள். காலையிலிருந்து பிள்ளையின் சத்தமும், பின்னர் அவர் பிள்ளையை ஏசும் சத்தமும் கேட்டது. பின்னர் அவர் பிள்ளையோடு மாடிப்படியில் வந்து உட்கார்ந்தார். பிள்ளையைவிட அவருடைய அழுகை பெரிதாக இருந்தது.

இன்று காலை இருவரும் கீழே வந்தார்கள். சுரேஸ் கதிரையில் உட்காரவில்லை. "மன்னிச்சிக்கங்க. இவ எல்லாத்தையும் சொல்லிட்டா" என்றார். லோஜினி, "சொல்லுங்க தாத்தா. நீங்க சொல்லாட்டி நானே போய்ச் சொல்றேன். எனக்கு இன்னமும் அவனக் கண்டா பயந்தான். ஆனா அன்னைக்கு அவன் வீட்ல இல்லாதப்பவும் அவன் அழற சத்தம் எனக்குக் கேட்டுக்கிட்டே இருந்துச்சு" என்றாள். அதன் பின்னர் மூவரும் பிள்ளையுடன் இங்கே வந்தோம்.

முறைப்பாட்டைக் கைவிடுவதாகச் சுரேஸ் சொல்லியிருக்கிறார். லோஜினியைப் பெரியாஸ்பத்திரியில் மனநல டொக்டரிடம் அனுப்பக் கடிதம் தருவதாகவும், நன்னடத்தை உத்தியோகத்தர் வீட்டுக்கு வந்து பார்த்தே பிள்ளை தாயிடம் இருக்கலாமா என்று முடிவு சொல்வார் என்றும் இங்கே சொன்னார்கள். என்ன முடிவு வரும் என்று தெரியவில்லை. பகலில் பிள்ளையை நானும் அனீஸாவும் மாறி மாறிப் பார்த்துக்கொள்ள ஒத்துக்கொண்டிருக்கிறோம். இதைப் பதியும்போது சுரேஸ் வெளியே வராந்தாவில் பிள்ளையை வைத்திருக்கிறார். அழுகைச் சத்தத்தில் நான் சொல்வது கேட்காமல் உத்தியோகத்தர் இரண்டு தடவை எழுதுவதை நிறுத்தினார்.

எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார். அதில் "தாய் பிள்ளையைக் கைவிட்டார்" என்று ஓரிடத்தில் இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை என்றேன். அதை வெட்டி, "தாய் பிள்ளையைக் காப்பாற்றுவதற்காக என்னிடம் கொடுத்தார்" என்று எழுதும்படி கேட்டேன். அவ்வாறே எழுதப்பட்டது. வெட்டிய இடத்தில் உத்தியோகத்தரும் நானும் சிற்றொப்பம் இட்டோம்.

இதில் உள்ளவை என் வாயால் சொன்னவை. அறிந்து மறைத்தது இனி ஒன்றுமில்லை. ஏற்றுக் கையொப்பமிடுகிறேன்.

அ. க. மஸீனா