வின்ச்சின் நாக்கு

படகு டிரெய்லரை ரோட்டில் இழுத்துக்கொண்டு வந்ததும் அப்படியே ஏரிக்குள் இறக்கக் கூடாது, மேடம். கால் மணி நேரமாவது நிறுத்திவைக்க வேண்டும். ஓடிவந்த சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும். அந்தச் சூட்டோடு தண்ணீரில் இறங்கினால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கித் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். பேரிங்கில் தண்ணீர் புகுந்தால் கிரீஸ் வெளுத்துவிடும். அப்புறம் துரு. ஒருநாள் ஒரகடம் ரோட்டில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் சக்கரம் தனியாகக் கழன்று ஓடும். என் கையில் அந்த டிரெய்லர் இருந்த பத்தொன்பது வருடத்தில் அப்படி ஒருமுறைகூட நடக்கவில்லை. அதையும் நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும்.

என் பெயர் வனமாமலை. மண்ணூரில் இருக்கும் ஃபைபர் படகு கம்பெனியில் டிரெய்லர் பொறுப்பு. புதிதாகச் செய்த ஒவ்வொரு படகையும் விற்பதற்கு முன் பென்னலூர்ப் பக்கத்து ஏரிக்குக் கொண்டுபோய், தண்ணீருக்குள் சரியும் சிமென்ட் ராம்பில் இறக்கி, ஓட்டிப் பார்த்து, திரும்ப ஏற்றிக்கொண்டு வருவோம். சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் காரும் போனும் செய்கிறார்கள். படகு என்று சொன்னால் சிரிப்பார்கள். நான் சிரித்ததில்லை.

என் மனைவி கமலினிக்கு மூன்று வருடமாகச் சிறுநீரகம் வேலை செய்யவில்லை. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். கம்பெனி கொடுத்த மருத்துவ அட்டையில்தான் நடந்துகொண்டிருந்தது. ஒரு நாள் மழையில் பஸ் வராமல் டயாலிசிஸ் தவறிப்போனது. மறுநாள் காலையில் அவள் முகம் வீங்கி, படுக்க முடியாமல், சுவரில் சாய்ந்து உட்கார்ந்து மூச்சுக்குத் தவித்தாள். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீருக்குள் இருப்பவர் மூச்சு விடுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அந்தச் சத்தம் கேட்ட பிறகு நான் பழைய ஆளாக இல்லை. இதை ஒரு காரணமாகச் சொல்லவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

ஆவணி மாதம் மேனேஜர் திருநாராயணன் சார் என்னைக் கூப்பிட்டார். இனிமேல் டிரெய்லர் வேலையை வெளி ஆட்களுக்குக் கான்ட்ராக்ட் விடுவதாகச் சொன்னார். அவர் நல்ல மனிதர். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

"என் சம்சாரத்துக்கு வாரத்துல மூணு நாள் டயாலிசிஸ், சார். கம்பெனி அட்டையிலதான் நடக்குது."

"தெரியும் வனமாமலை. நானும் மேல பேசிப் பாத்தேன். ரெண்டு வாரம் இருந்து புது ஆளுக்கு எல்லாத்தையும் காட்டிட்டுப் போங்க."

வேறு இடம் தேடாமல் இல்லை. அந்த இரண்டு வாரத்தில் காலை ஷிப்டுக்கு முன்னால் பதினோரு கம்பெனி வாசல்களில் நின்றேன். ஐம்பத்திரண்டு வயது என்றதும் செக்யூரிட்டியே திருப்பி அனுப்பினான். ஒரு இடத்தில் மட்டும் உள்ளே விட்டார்கள். என்ன வேலை தெரியும் என்று ஒரு பெண் கேட்டாள். படகு டிரெய்லர் என்றேன். அவள் பக்கத்தில் இருந்தவளைப் பார்த்தாள்.

புது ஆள் தாமஸ். படப்பைக்காரர். வயது நாற்பத்தைந்து இருக்கும். எனக்கு அவர்மேல் கோபம் ஏதும் கிடையாது. இரண்டாம் நாளே கூடுதலாக ஒரு டப்பா சாப்பாடு கொண்டுவந்தார்.

"ரோஸி உங்களுக்கும் சேத்து கட்டிக் குட்த்துச்சுண்ணே. அக்காவுக்கு ஒடம்பு முடியலன்னு சொன்னேன். நீங்க இன்னாத்த சமைச்சிக்கினு வரப் போறீங்க?"

ரோஸி அவர் மனைவி. மீன் குழம்பு நன்றாக இருந்தது. டப்பாவைக் கழுவித் திருப்பிக் கொடுத்தேன்.

எல்லாவற்றையும் அவருக்குக் காட்டினேன். கிரீஸ் எவ்வளவு வைப்பது, ராம்பில் பாசி எந்த இடத்தில் வழுக்கும், டயருக்குக் கட்டை எப்படிக் கொடுப்பது. ஒரு நாள் சக்கரத்தில் கை வைத்துப் பார்த்து, "இன்னும் சூடா கீதுண்ணே, கொஞ்சம் நிக்கட்டும்" என்று அவரே சொன்னார். நான் சொல்வதற்கு முன்பே சொன்னார். இன்னொரு நாள் நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் டிரெய்லர் உருளைகளைக் கழற்றித் துடைத்து, என்னைவிடச் சுத்தமாக மாட்டி வைத்திருந்தார். நான் பாராட்டினேன். அன்று வீட்டுக்குப் போய் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

டிரெய்லரின் முன்பக்கம் வின்ச் இருக்கிறது. கைப்பிடியைச் சுற்றினால் பெல்ட் சுருண்டு படகைத் தண்ணீரிலிருந்து மேலே இழுக்கும். அதில் ஒரு பல்சக்கரம். சக்கரம் பின்னால் சுற்றிவிடாமல் ஒரு சிறிய இரும்புத் துண்டு பல்லுக்குள் விழுந்து தடுக்கும். நாங்கள் அதை நாக்கு என்போம். சுண்டுவிரல் அளவுகூட இருக்காது. அறுநூறு கிலோ படகும் சரிவில் அதை நம்பித்தான் நிற்கும்.

புதன்கிழமை சாயங்காலம் நாக்கைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். காலையில் பஜாரில் வாங்கிய அரத்தால் அதன் நுனியை மழுங்க ராவி, மறுநாள் ஏரிக்குக் கிளம்புமுன் திரும்ப மாட்டினேன். வெறும் கையால் பெல்ட்டை இழுத்துப் பார்த்தால் பிடிக்கும். பாரம் ஏறினால் வழுக்கும். அடுத்த வாரம் நான் இல்லாதபோது ஒரு படகு வழுக்கி ஏரிக்குள் போக வேண்டும், கம்பெனிக்குப் புத்தி வர வேண்டும், என்னைத் திரும்பக் கூப்பிட வேண்டும். என் எண்ணம் அவ்வளவுதான். ஒரு படகு தண்ணீருக்குள் போனால் யாருக்கு என்ன நஷ்டம்? அது மிதக்கும்.

வியாழக்கிழமைதான் என் கடைசி நாள். பதினெட்டு அடிப் படகு. காலை பதினோரு மணிக்கு ஏரியில் இருந்தது நாங்கள் இருவர் மட்டும். தாமஸ் படகை ஓட்டிப் பார்த்துவிட்டு ராம்புக்குக் கொண்டுவந்தார். இனி அதை டிரெய்லரில் ஏற்ற வேண்டும். ஒருவர் முன்னால் வின்ச் சுற்ற வேண்டும். ஒருவர் பின்னால் தண்ணீரில் நின்று படகை நேராகப் பிடிக்க வேண்டும்.

வழக்கமாகப் பின்னால் நிற்பது நான்தான். அன்றைக்கு நான் செருப்பைக் கழற்றவில்லை. அவர் கவனித்தார்.

"முட்டி வலிக்குதாண்ணே?"

"லேசா."

"அப்ப நீங்க மேல நின்னு சுத்துங்க. நான் தண்ணில எறங்கிக்கிறேன். கடைசி நாளு, உங்கள நனைய விட்டா அக்கா என்னத்தான் திட்டும்."

முட்டி வலிக்கவில்லை.

அவர் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, படகின் பின்பக்கத்தில், இன்ஜினுக்கு நேரே நின்றார். நான் சுற்றினேன். படகு உருளைகள் மேல் ஏறி வந்தது. முக்கால்வாசி ஏறியதும் டிரெய்லரோடு பிணைத்திருக்கும் சங்கிலியை எடுத்துப் படகின் மூக்கில் மாட்ட வேண்டும். அதற்குப் பிறகு வின்ச்சே உடைந்தாலும் படகு போகாது. சங்கிலி என் இடது கையில் இருந்தது.

"மாட்டிட்டீங்களாண்ணே?" என்று கேட்டார்.

"மாட்டியாச்சு" என்றேன்.

பிறகு ஓரமாக ஓரடி நகர்ந்தேன். கைப்பிடியை விட்டால் அது பின்னால் சுழன்று கையை முறிக்கும். அது தெரிந்தவன் யாரும் நேராக நிற்க மாட்டான். நகர்ந்த பிறகு விட்டேன்.

நாக்கு இரண்டு பல் பிடித்தது. அப்புறம் விட்டுவிட்டது. படகு வந்த வழியே போனது. அதிக சத்தம்கூட இல்லை. இன்ஜின் அவர் நெஞ்சில் பட்டதைப் பார்த்தேன். அவர் என்னைத்தான் பார்த்தார், கேள்வி கேட்பதுபோல. பிறகு படகுக்கு அடியில் போய்விட்டார்.

நான் முதலில் டயர்களுக்குக் கொடுத்த கட்டைகளைச் சரிபார்த்தேன். டிரெய்லரும் அதை இழுத்துவந்த வண்டியும் உருண்டு வந்தால் இன்னும் மோசமாகிவிடும் அல்லவா? நான்கு டயர். நான்கையும் உதைத்துப் பார்த்தேன். பிறகு செருப்பைக் கழற்றினேன். பிறகு தண்ணீரில் இறங்கினேன். அவரை வெளியே இழுத்தபோது உதட்டில் நுரை இருந்தது. ஆம்புலன்ஸுக்கு நான்தான் போன் செய்தேன். விலாசம் தெளிவாகச் சொன்னேன் என்று போனில் பேசிய பெண் பாராட்டினாள்.

அன்று மாலையே ராவிய நாக்கைக் கழற்றிவிட்டு, ஸ்டோரில் இருந்த நல்ல நாக்கை மாட்டிவிட்டேன். மறுநாள் சோதிக்க வந்தவர்கள், வின்ச் சரியாகத்தான் இருக்கிறது, புது ஆள் அனுபவம் இல்லாமல் தவறான இடத்தில் நின்றுவிட்டார் என்று விபத்தாக எழுதினார்கள். கான்ட்ராக்ட் நின்றது. திருநாராயணன் சார் என் தோளைத் தொட்டு, "நீங்களே இருங்க வனமாமலை" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது.

மூன்றாம் நாள் ரோஸி வந்தாள். அவர் எங்கே நின்றார் என்று காட்டச் சொன்னாள். ராம்புக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். குனிந்து தண்ணீரில் கை வைத்துப் பார்த்தாள்.

"அவுரு எதுனா சொன்னாராண்ணே?"

"இல்லம்மா. கஷ்டப்படல."

"உங்களப் பத்தித்தான் வூட்ல எப்பவும் பேச்சு. அண்ணன் அண்ணன்னு" என்றாள்.

அவளுக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

கமலினி நான் அரம் போட்டதைப் பார்த்திருந்தாள். அடுப்பு மேடையில் விழுந்த இரும்புப் பொடியை அவள்தான் துடைத்தாள். தாமஸ் இறந்த செய்தி கேட்டு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் டயாலிசிஸ் முடிந்து, கையில் பிளாஸ்திரியோடு, வீட்டுக்கு வராமல் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்திருக்கிறாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். உடம்பு முடியாதவள். ஆனால் அவள் உங்களிடம் சொன்ன ஒரு விஷயத்தைப் பற்றி நானே பேசிவிடுகிறேன், மேடம். நீங்கள் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள்.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் அவள் ஒரு அட்டை காட்டினாள். உண்மைதான். அரசு காப்பீட்டு அட்டை. நான் வேலைக்குப் போன நேரத்தில் அவளே மூன்று நாள் அலைந்து வாங்கியிருக்கிறாள்.

"இதுலயே டயாலிசிஸ் பண்ணுவாங்களாம். ஆஸ்பத்திரியில கேட்டுட்டேன். உங்க வேல போனா போவுது, வுடுங்க. கொஞ்ச நாளு வூட்ல நிம்மதியா இருங்க" என்றாள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தாள்.

அட்டையை இரண்டு முறை படித்தேன். பெயர், வயது எல்லாம் சரியாக இருந்தது. பத்திரமாக உறையில் போட்டு அவளிடமே கொடுத்தேன். சாப்பிட்டோம். மறுநாள் காலையில் போய் அரம் வாங்கினேன்.

அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை, மேடம். நான் செய்தது முழுக்க கமலினிக்காகத்தான். அப்படியே எழுதுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.