தினமும் வரும் மகன்

அக்கா: கதவைத் திறக்காதே, இரு. முதல்ல இந்தத் தொப்பியை மாட்டிக்கிறேன்.

தம்பி: அப்பாவைப் பார்க்க எதுக்குக்கா தொப்பி? ஏய்… இது என் பழைய சட்டை மாதிரி இருக்கே!

அக்கா: மாதிரி என்ன மாதிரி, உன் சட்டையேதான். வீட்டை விட்டுப் போறப்ப நீ விட்டுட்டுப் போன ரெண்டுல இது ஒண்ணு. இன்னொண்ணு உள்ள கட்டில்ல படுத்திருக்கு.

தம்பி: வந்ததும் வராததுமா ஆரம்பிச்சுட்டியா…

அக்கா: நீ வந்தாத்தானே ஆரம்பிக்க முடியும்? இத்தனை வருஷமா வாய் நமநமன்னு கிடக்கு. சரி, கேட்டுக்கோ. உள்ள போனதும் நான்தான் நீ.

தம்பி: என்னது?

அக்கா: நான்தான் சின்னவன். அப்பாவோட ஆசை மகன். தினமும் வந்து ஊட்டிவிடுறவன். நீ யாரோ ஒருத்தனா ஓரமா உட்காரு.

தம்பி: அவருக்குத்தான் ஞாபகம் போச்சுன்னா, உனக்கு மறையே கழண்டுபோச்சா?

அக்கா: என் கையால பச்சைத் தண்ணி குடிக்கமாட்டேன்னு அவர் சொன்னாரே, மறந்துட்டியா?

தம்பி: அது நீ மாமாவைக் கட்டிக்கிட்டப்ப சொன்னது. அந்தக் காலத்துக் கதை.

அக்கா: பல்செட் பட்டறை முதலாளி, அங்க பல் அச்சுக்கு மாவு குழைக்கிற பையனுக்குப் பொண்ணு கொடுப்பாரான்னு குதிச்சாரே குதி! இப்ப பட்டறை மறந்துபோச்சு, அம்மா செத்தது மறந்துபோச்சு, காலையில சாப்பிட்டது மறந்துபோச்சு. அந்தச் சபதத்தை மட்டும் பத்திரமா வச்சிருக்கார். இந்த முதியோர் இல்லத்துல சேர்த்த புதுசுல நான் கொடுத்த தட்டைத் தட்டிவிட்டார். நர்ஸ் கொடுத்தாலும் வாயைத் திறக்கல. மகன் வரட்டும், மகன் வரட்டும்… ஆளு துரும்பா இளைச்சுட்டார்.

தம்பி: எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே.

அக்கா: பண்ணினேனே! மீட்டிங்ல இருக்கேன், அப்புறம் கூப்பிடுறேன்னு சொன்ன. இன்னும் முடியல போலிருக்கு அந்த மீட்டிங்.

தம்பி: சரி, இந்த வேஷம் எப்படி ஆரம்பிச்சுது?

அக்கா: ஒருநாள் மழை. உன் சட்டையை மேல போட்டுக்கிட்டு, தொப்பியோட ஓடிவந்தேன். "வந்துட்டியா சின்னவனே"ன்னு அவராவே கூப்பிட்டு வாயைத் திறந்தார். நான் என்ன செய்ய?

தம்பி: குரலு? உன் குரல் நாலு தெருவுக்குக் கேட்குமே.

அக்கா: தொண்டை கட்டியிருக்குன்னு சொன்னேன். ரெண்டு வருஷமா கட்டியே கிடக்கு.

தம்பி: நல்ல கூத்து! இன்னையோட நிறுத்து. நிஜ மகன் வந்தாச்சு. பெத்த பிள்ளையைக் கண்டா தெரியாமப் போயிடுமா? அவர் வாயால என்னை "சின்னவனே"ன்னு கூப்பிடணும். அதுக்காகத்தான் அவ்வளவு தூரத்துல இருந்து வந்தேன்.

அக்கா: போ, உள்ள போய்க் கேட்டு வாங்கிக்கோ.

அப்பா: யாருப்பா அது, செண்டு வாசனையோட?

தம்பி: அப்பா! நான்தான்பா… சின்னவன்.

அப்பா: எங்க, சிரி.

தம்பி: என்னப்பா?

அப்பா: பல்லைக் காட்டுய்யா. ம்ம்… எவன்கிட்ட போய் மாட்டின? செவுத்துக்கு வெள்ளையடிச்ச மாதிரி வச்சுவிட்டிருக்கான்! அத்தனையும் கடைச்சரக்கு.

தம்பி: புதுசா மாத்திக்கிட்டேன்பா. மேல, கீழ, எல்லாம்.

அப்பா: எல்லாத்தையும் மாத்திட்டு வந்து நான் யாருன்னு கேட்டா? உனக்கே தெரியாது, எனக்கு எப்படித் தெரியும்?

அக்கா: ஹஹ்ஹா…

அப்பா: என் மகன் இதோ நிக்கிறான். சின்னவனே, யாருடா இந்த ஆளு?

அக்கா: தெரிஞ்சவர்பா. எப்பவாச்சும் இந்தப் பக்கம் வருவார்.

அப்பா: எதுக்கு வர்றாராம்?

அக்கா: அது அவருக்கே தெரியாது.

தம்பி: அக்கா, போதும்!

அப்பா: அக்காவா? யாரைச் சொல்றான்?

தம்பி: அப்பா, இது உங்க மகன் இல்ல. உங்க ம…

அக்கா: டேய், சொல்லிடாதே! ராத்திரியும் பட்டினி கிடப்பார். நாளைக்கு ஃபிளைட் ஏறப்போறவன், வந்து ஊட்டுவியா நீ?

அப்பா: அங்க என்ன குசுகுசுப்பு?

அக்கா: ஒண்ணுமில்லப்பா. வாயைத் திறங்க. ரொட்டியைப் பால்ல ஊறவச்சிருக்கேன்.

அப்பா: உங்கம்மா சாப்பிட்டாளா?

அக்கா: … ஆச்சுப்பா.

அப்பா: உன் அக்காக்காரி எங்க? வரமாட்டா. ராங்கிக்காரி! அப்பனையே எதிர்த்துக்கிட்டுப் போனவ.

அக்கா: ஆமாம்பா. எங்கிருந்து வந்துச்சோ அந்த ராங்கி.

அப்பா: என்னது?

அக்கா: முழுங்குங்கன்னேன். பால் தீர்ந்துபோச்சு, கீழ போய் வாங்கிட்டு வர்றேன். ஏம்ப்பா தெரிஞ்சவரே, வாயை மூடிக்கிட்டு உட்காரு.

தம்பி: அப்பா… அவ போயிட்டா. இப்பவாவது என்னை நல்லாப் பாருங்க.

அப்பா: கதவைச் சாத்து.

தம்பி: சாத்திட்டேன்.

அப்பா: ஏன்யா, நீ பாட்டுக்கு உளறி என் சோத்துல மண்ணைப் போடப் பார்த்தியே! அவ யாருன்னு எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?

தம்பி: என்ன… என்ன சொல்றீங்க?

அப்பா: சிரிச்சா தெத்துப்பல்லு. அச்சு அசல் எங்கம்மா. ஊர்ல இருக்கிற வாய்க்குள்ள எல்லாம் கையை விட்டவன்யா நான். தொப்பி மாட்டினா பல்லு மாறிடுமா?

தம்பி: அப்புறம் ஏன் மகனே, மகனேன்னு…

அப்பா: நாலு பேர் முன்னாடி சபதம் போட்டாச்சே! இப்ப போய் "மகளே ஊட்டு"ன்னு வாயைத் திறக்கவா? அந்த ராங்கிக்காரி ஜெயிச்சுட்டேன்னு சிரிக்கவா? மகன்னு கூப்பிட்டா என் சபதமும் நிக்குது, வயிறும் நிறையுது. வேற யார் ஊட்டினாலும் தொண்டையில இறங்கமாட்டேங்குது.

தம்பி: அப்ப… நிஜமாவே ஒரு மகன் உண்டே உங்களுக்கு?

அப்பா: இருந்தான்… முகம்தான் வரமாட்டேங்குது. விடு. நான் சொன்னதை அவகிட்ட மூச்சு விட்டுடாதே. வீட்டு ஆளுங்ககிட்ட இதையெல்லாம் சொல்ல முடியாது. நீ வெளியாளு, அதான் நம்பிச் சொன்னேன்.